வைரஸைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள்

வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் இரத்தத்தில் உலவும் ஆன்டிபாடிகளால் அதை எட்ட முடிவதில்லை. அந்தச் செல்லை இனங்கண்டு அழிக்கும் பொறுப்பு டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களுடையது. அவையும் செல்லின் உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. செல் தன்னுள் இருக்கும் புரதங்களைத் துணுக்குகளாக்கி, எச்.எல்.ஏ. எனப்படும் ஏந்து மூலக்கூறுகளில் பொருத்தி மேற்பரப்பில் நிறுத்த, அவற்றையே டி செல்கள் சோதிக்கின்றன. டி செல்கள் வைரஸின் கூறையும் உடலின் சொந்த மூலக்கூறையும் ஒருசேர உணர்கின்றன என்று 1974-இல் கான்பெராவில் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1996-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

இத்துணுக்குகளை ஆயத்தம் செய்வதில் மூன்று கட்டங்கள் உண்டு. புரோட்டியாசோம் என்னும் நொதித்தொகுதி புரதங்களை வெட்டுகிறது. ‘டாப்’ எனப்படும் கடத்திப் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவிட்டு, அத்துணுக்குகளை எச்.எல்.ஏ. உருவாகும் அகப்பிளாச வலைக்குள் கொண்டுசேர்க்கிறது. அங்கே ‘ஈராப்-1’ என்னும் நொதி நீளமானவற்றின் ஒரு முனையை நறுக்கி, எச்.எல்.ஏ.வின் பள்ளத்தில் பொருந்தும்படி சுமார் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்டதாக்குகிறது. டாப் கடத்தியின் இரு பாதிகளுக்கான மரபணுக்களும், தொற்றின்போது புரோட்டியாசோமில் சேரும் இரு சிறப்பு வெட்டு உறுப்புகளின் மரபணுக்களும், 6-ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு இடையிலேயே அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஈராப்-1 மரபணு 5-ஆம் குரோமோசோமில் உள்ளது.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறிவிப்பு தடைபடும் என்பதை வைரஸ்களே பயன்படுத்திக்கொள்கின்றன. வாயோரக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், 88 அமினோ அமிலங்களே கொண்ட ஐ.சி.பி.47 என்னும் புரதத்தால் டாப் கடத்தியின் வாயை அடைத்து, தன் துணுக்குகள் மேற்பரப்பை எட்டாதபடி செய்துவிடுகிறது. பிறவியிலேயே டாப் மரபணு பழுதுற்றவர்களின் செல்களில் எச்.எல்.ஏ. மிகக் குறைவாகவே தென்படுகிறது. அவர்களுள் பலருக்கு மூச்சுப்பாதைத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முழுப் பழுது இல்லாமல், ஒரே ஓர் அமினோ அமில மாற்றமும் விளைவைத் திருப்பக்கூடும். முதுகெலும்பை இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் மூட்டழற்சிக்கும் எச்.எல்.ஏ. பி27 வகைக்கும் உள்ள தொடர்பு 1973-இலேயே தெரிந்திருந்தது; ஈராப்-1-இன் சில மாறுபாடுகள் பி27 உடையோரிடத்தில்தான் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன என்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. துணுக்கை நறுக்கும் நொதியும் அதை ஏந்தும் மூலக்கூறும் சேர்ந்தே நோய்வாய்ப்பைப் பாதிக்கின்றன என்பதே இதன் பொருள். பி27 இருப்பவர்களில் பெரும்பாலோர் நோயின்றி வாழ்வதால், பி27 பரிசோதனை முடிவு ஒன்றை மட்டும் கொண்டு எவரையும் நோயாளி என்று சொல்லிவிட முடியாது.