உருவத்தை நம்பி உறவு சொல்லலாமா?

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனை பார்க்கப் போனவர்கள் மூன்று மரங்களைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒல்லியாக உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கம், தோப்பு தோப்பாக வளரும் சவுக்கு, நர்சரியில் கூம்பு வடிவில் விற்கும் துஜா. இவற்றில் ஒன்றுதான் சைப்ரஸ் குடும்பம். எது என்று கேட்டால் நம்மில் பலரும் நெட்டிலிங்கத்தையோ சவுக்கையோதான் காட்டுவோம். பதில் துஜா.

ஏன் தவறுகிறோம்? தாஜ்மகால் படத்திலும் ஊட்டியில் எடுத்த பாட்டுக் காட்சியிலும் சைப்ரஸைப் பார்த்திருக்கிறோம். நெட்டையாக, கூர்மையாக இருந்தால் சைப்ரஸ் என்று மனதில் பதிந்துவிட்டது. உருவம் ஒத்துப்போனால் உறவும் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மரங்களில் அந்தக் கணக்கு சரிவராது.

நெட்டிலிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சுவரோரம் நிற்கும் ஒல்லி மரம், கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த வகை. அதே இனத்தின் சாதாரண மரம் கிளை பரப்பி நிழல் தரும். ஒரே இனத்துக்குள்ளேயே உருவம் இப்படி மாறுகிறதென்றால், அதை வைத்து எப்படி உறவு சொல்வது? அதன் பூவைப் பாருங்கள்: வெளிர்பச்சை நிறம், நெளிந்த ஆறு இதழ்கள். காய் கொத்தாகப் பிடித்துக் கருத்துப் பழுக்கும், வௌவால் தேடி வரும். இது சீத்தாப்பழக் குடும்பம்.

சவுக்கு இன்னும் நன்றாக ஏமாற்றும். சின்ன வயதில் சவுக்கு ஊசியைக் கணுவில் பிரித்து, மறுபடி பொருத்தி, எங்கே உடைந்தது என்று கேட்டு விளையாடியிருப்போம். அந்தக் கணுதான் சாட்சி. நாம் இலை என்று நினைப்பது பச்சைநிற மெல்லிய குச்சி. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவையும் சுற்றிப் பல் பல்லாக ஏழெட்டு இருக்கும். லென்ஸ் வைத்தால் நன்றாகத் தெரியும். அதன் முள்முள்ளான உருண்டைக் காயும் பைன் கூம்பு அல்ல. பல சிறு பூக்கள் சேர்ந்து காய்த்தது, ஒவ்வொரு விதையும் ஒரு கனிக்குள் மூடியிருக்கிறது. சவுக்கு பூக்கும் மரம், ஓக் மரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

அப்படியானால் தாவரவியலாளர் எதைப் பார்க்கிறார்? முதலில் விதையை. சைப்ரஸுக்குப் பூவும் கிடையாது, கனியும் கிடையாது. கூம்பின் செதில்கள்மேல் விதை மூடாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்து இலை: சிறு செதில்கள் எதிரெதிர் ஜோடியாகக் குச்சியோடு ஒட்டியிருக்கும். அதன்பின் கூம்பில் எத்தனை செதில், விதைக்குச் சிறகு உண்டா என்று போகும். காற்று, தண்ணீர், கத்தரிக்கோல் எல்லாம் மரத்தின் உருவத்தை மாற்றிவிடும். கூம்பின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

நர்சரித் துஜாவின் கதை இங்கேதான் சுவையாகிறது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குத் துஜா ஓரியண்டாலிஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும், இரண்டாவது சொல் அதற்குள் உள்ள இனத்தைக் குறிக்கும். பிறகு பார்த்தால், மற்ற துஜாக்களின் கூம்புச் செதில் மெல்லியது, விதைக்குச் சிறகு உண்டு. இதற்கோ தடித்த செதில், நுனியில் கொக்கி, விதைக்குச் சிறகில்லை. எனவே தனிப் பேரினம்தான் என்று முடிவாகி, போர்ச்சுகலைச் சேர்ந்த தாவரவியலாளர் பிராங்கோ 1949இல் பிளாட்டிகிளாடஸ் ஓரியண்டாலிஸ் என்று மாற்றினார். ஒருவர் பெயரை ஒரு ரேஷன் அட்டையிலிருந்து நீக்கி இன்னொன்றில் சேர்ப்பது போலத்தான் இது: குடும்பத் தலைவர் மாறுவார், சொந்தப் பெயர் அப்படியே இருக்கும். 'ஓரியண்டாலிஸ்' தங்கிவிட்டது பாருங்கள், விதி அப்படி. பின்னால் வந்த மரபணு ஆய்வும் இது துஜாவுக்கு அவ்வளவு நெருக்கமில்லை என்றே காட்டியது. சைப்ரஸ் குடும்பத்தைவிட்டு மட்டும் அது வெளியேறவில்லை.

நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட கலிபோர்னியா சைப்ரஸுக்கும் இதே நிலைமை. குப்ரெசஸ் மேக்ரோகார்பா என்றிருந்ததை 2009இல் ஹெஸ்பெரோசைபாரிஸ் பேரினத்துக்கு மாற்றினார்கள். எல்லோரும் ஏற்கவில்லை, இரண்டு பெயரும் புழங்குகின்றன. பெயர் மாறுவதைக் குழப்பம் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உறவு பற்றிய அறிவு திருந்தும்போது பெயரும் திருந்துகிறது.

இதனால் நமக்கென்ன என்று தோன்றலாம். நெட்டிலிங்கத்தைப் பலரும் 'அசோகா' என்றே விற்கிறார்கள். நிஜ அசோகம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம், ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்தாகப் பூக்கும். அதன் பட்டையைப் பெண்களின் பெரும்பாட்டுக்கு (மிகையான மாதவிடாய் ரத்தப்போக்கு) சித்த மருத்துவத்தில் கொடுக்கிறார்கள். சந்தையில் அந்தப் பட்டையோடு நெட்டிலிங்கப் பட்டை கலப்பது பலமுறை ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். ஆகவே அசோகப் பட்டை வேண்டுமென்றால் தெரிந்த சித்த மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள், வாசலில் நிற்கும் நெட்டை மரத்திலிருந்து உரித்துக் கஷாயம் வைக்காதீர்கள்.