தொடுப்பியும் அதன் சுருளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள வவுணதீவு நெல் விளையும் பகுதி. அறுவடைக் காலத்தில் நெல் குற்றும் ஆலையின் மோட்டர் ஒரு நாள் நின்றாலும் பலருக்கு நட்டம் உண்டாகும். அம்மோட்டரை மின்வழியோடு சேர்ப்பதும் பிரிப்பதும் தொழிலாளர் 'கொன்ரக்ரர்' என வழங்கும் கருவியாகும். இதனைத் தமிழில் 'தொடுப்பி' எனலாம்.

தொடுப்பி மின்காந்தத்தால் இயங்கும் ஓர் ஆளி. சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் நிலைத்த அகணி அசையும் அகணியைத் தன்பால் இழுக்கும். அதனோடு பிணைந்த தொடுகைகள் மூட, மோட்டர் சுழலும். ஓட்டம் நின்றதும் வில்லொன்று அகணியைப் பின்தள்ளித் தொடுகைகளைத் திறந்துவிடும்.

இங்கே இருவேறு அளவுகள் உள. தொடுகைகள் தாங்கும் ஓட்டம் ஒன்று. சுருளுக்கு ஊட்டவேண்டிய அழுத்தம் மற்றொன்று. முன்னதைத் 'தொடுகை ஓட்டம்' என்றும், பின்னதைச் 'சுருள் அழுத்தம்' என்றும் வழங்குவோம். 400 உவோற்று மோட்டரை இயக்கும் தொடுப்பியின் சுருள் 24, 110, 230, 400 உவோற்றுக்களுள் ஒன்றிற்கு அமைந்ததாயிருக்கலாம். ஏ1, ஏ2 எனக் குறித்த முனைகள் சுருளுக்குரியவை.

அம்பியரை மட்டும் நோக்கி வாங்குபவர் இடர்ப்படுவர். 230 உவோற்றுச் சுருளுக்கு 400 உவோற்றை ஊட்டினால் அது விரைவிற் கருகும். 400 உவோற்றுச் சுருளுக்கு 230 ஊட்டினாலோ அகணி முற்றாக ஒட்டாது அதிரும். குறைந்த அழுத்தம் தீங்கு செய்யாது என எண்ணற்க. ஆடலோட்டச் சுருளில், அகணிகளிடையே வெளி உள்ளவரை ஓட்டம் பன்மடங்கு மிகுதியாகப் பாயும். ஆதலின் இச்சுருளும் சூடேறிக் கெடும். குறித்த அழுத்தத்தின் 85 முதல் 110 வீதம் வரை தொடுப்பி செவ்வனே மூடுதல் வேண்டும் என்பது சர்வதேச நியமம். 230 உவோற்றுச் சுருளுக்கு இது ஏறத்தாழ 196 முதல் 253 வரையாகும். ஆடலோட்டச் சுருளுக்கு அதே அளவு நேரோட்டத்தை ஊட்டுவதும் தவறு. அங்கே ஓட்டத்தைத் தடுக்கக் கம்பியின் தடை மட்டுமே எஞ்சும்.

இப்பகுதியார் கலைச்சொல்லுக்குப் புதியவரல்லர். 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவிற் பிறந்தவர். கல்லடி உப்போடையிற் கல்விப் பணி புரிந்தவர். ஈரளவுகளுக்கு இரு சொற்கள் நாவிற் பழகிவிட்டால், கடையில் நிற்கும் இளைஞன் இரண்டையும் கேட்டே வாங்குவான். ஆலையும் ஓயாது.