தொட்டி மண்ணில் துள்ளும் பூச்சி
மருந்து தேடும் முன் மண்ணைப் பாருங்கள்

காலையில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மண்ணின் மேல் எள்ளை விடச் சிறியதாக, வெள்ளையாக ஏதோ துள்ளுகிறது. மறுநாள் அதே தொட்டியிலிருந்து கொசு போன்ற ஒன்று எழுந்து முகத்தருகே பறக்கிறது. உடனே வீட்டில் ஒருவர், "மருந்து போட்டால்தான் அடங்கும்" என்கிறார். கடைக்குப் போய் ஒரு பொட்டலம் குருணை மருந்து வாங்கி வந்து, ஒரு ஸ்பூன் தூவி, தண்ணீர் விட்டு விடுகிறார். பூச்சி ஒழிந்தது என்று நிம்மதி. நான்காம் நாள் அந்தச் செடியின் இலை ரசத்தில் மிதக்கிறது!

பல வீடுகளில் நடப்பதுதான் இது. குருணை மருந்துகளில் பல, வேரால் உறிஞ்சப்பட்டுத் தண்டு வழியே இலைக்கு ஏறும் வகையைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்ல இட்ட விஷம் இலைக்கும் வந்து சேரும். ஃபோரேட் என்ற குருணை அப்படிப்பட்டது. 2018ல் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவின்படி, 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு நாடு முழுவதும் தடை. முந்திய தலைமுறையினர் எறும்புக்கும் கரப்பானுக்கும் தாராளமாகத் தூவிய பி.எச்.சி. பவுடர் 1997லேயே தடை செய்யப்பட்டது. பரண் மேல் பழைய டப்பா இருந்தால் அதைத் தொட்டிப் பக்கம் கொண்டு வரவே வேண்டாம்.

புனேத் தமிழர் வீட்டு பால்கனியில் மூன்று தொட்டி இருந்தால், ஒன்று துளசி, ஒன்று மல்லிகை, ஒன்று கறிவேப்பிலையாகத்தான் இருக்கும். மண்டயியில் 'கடிபத்தா' என்று கேட்டால் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. ஆனாலும் ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்த கன்றின் மணம் அதற்கு வராது என்பது நம்மவர் கட்சி. அந்தச் செடி வாடினால் மனம் பதறுவது இயல்பு. பதற்றத்தில் கை முதலில் மருந்துக்குப் போகிறது, அங்கேதான் தவறு.

துள்ளினால் பயமில்லை

முதலில் பூச்சி எது என்று தெரிய வேண்டும். தொட்டியில் சற்று நிறையத் தண்ணீர் விட்டுக் குனிந்து பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நீரில் மிதந்து எகிறிக் குதித்தால், அவை ஸ்பிரிங்டெயில் எனப்படுபவை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இறக்கை கிடையாது. வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்த கவை போன்ற ஒரு உறுப்பு உண்டு. அதைச் சட்டென்று விடுவித்தால் உடல் வில்லிலிருந்து பாய்வது போல எகிறும். உலகெங்கும் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. மட்கிய இலையும் பூஞ்சைக் காளானும்தான் இவற்றின் சாப்பாடு. வளர்ந்த செடியின் வேருக்கு இவற்றால் தொல்லையில்லை. மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி, அவ்வளவே. தண்ணீரைக் குறைத்தால் தாமாகக் குறையும். மெதுவாக ஊர்ந்து போகும் பழுப்பு நிறச் சிற்றுண்ணிகளும் பெரும்பாலும் இதே ஜாதிதான். இலைக்கு அடியில் நூலாம்படை கட்டும் சிலந்திப் பேன் வேறு. அது மண்ணில் குடியிருப்பதில்லை.

பறப்பதுதான் தொல்லை

முகத்தருகே பறக்கும் கறுப்புப் பூச்சியின் கதை வேறு. அது கொசு அல்ல, கடிக்காது. பூஞ்சைக் கொசு என்று சொல்லலாம். வலுவாகப் பறக்கத் தெரியாது; மண்ணின் மேல் குடுகுடுவென்று ஓடும். ஈர மண்ணில் நூறு முட்டைக்கு மேல் கூட இடும். அதிலிருந்து வரும் புழு கண்ணாடி போல வெளுத்து, கறுப்புத் தலையோடு இருக்கும். பூஞ்சை போதாத போது மெல்லிய வேர்த் தூவிகளைக் கடிக்கும். பெரிய செடி தாங்கி விடும். நாற்றும் இளங்கன்றும் சாய்ந்து விடும்.

புழு இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு துண்டு உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் பதித்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், அடியில் புழுக்கள் ஒட்டியிருக்கும். அப்படியே எடுத்து எறியலாம்.

முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகிறது. எனவே ஒரு நாள் வைத்தியம் பலிக்காது. மேல் மண் இரண்டு அங்குலம் காயும் வரை தண்ணீர் விடாதிருப்பதே முதல் மருந்து. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் செருகினால் பறப்பவை ஒட்டிக் கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து உண்டு. 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப் புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. கொசு ஒழிப்பில் உலகம் முழுவதும் பயன்படுகிறது. பூஞ்சைக் கொசுவின் புழுவையும் கொல்லும். பொட்டலத்தில் சொன்ன அளவில் தண்ணீரில் கரைத்து, வாரம் ஒரு தடவையாகச் சில வாரம் ஊற்ற வேண்டும்.

எறும்பு காட்டிக் கொடுக்கும்

உண்மையில் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. தண்ணீர் சரியாக விட்டும் செடி சோர்கிறதா? தொட்டியின் அடித்துளையில் எறும்பு சாரை சாரையாகப் போய் வருகிறதா? செடியைக் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உட்புறத்திலும் விபூதி பூசியது போல் வெள்ளை தெரிந்தால், அது வேர் மாவுப்பூச்சி. அது கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. வேரைத் தண்ணீரில் அலசி, அழுகியதைக் கத்தரித்து, புது மண்ணில் நட வேண்டும். பழைய மண்ணைப் பையில் கட்டி எறியுங்கள். பக்கத்துத் தொட்டியில் கொட்டி விடாதீர்கள். தொட்டியைக் கொதிநீரால் கழுவுங்கள். நட்ட பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து ஊற்றலாம்.

தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அவரை, பீன்ஸ் வேரில் உள்ள முடிச்சைக் கண்டு பயப்பட வேண்டாம். நகத்தால் நெருடினால் உதிர்ந்து விடும் நல்ல முடிச்சு அது. நூற்புழு முடிச்சு உதிராது.

சரியாக மட்காத சாணத்தோடு வெள்ளைப் புழு வந்து சேர்வதும் உண்டு. மராத்தியில் 'ஹுமணி' என்பார்கள். கரும்பு விவசாயியைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். தொட்டியில் ஒன்றிரண்டுதான் இருக்கும். கையால் பொறுக்கினாலே போதும்.

புனேயின் தட்பவெப்பம்

நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பால்கனியில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. தக்காணத்துக் கரிசல் மண் கலந்த தொட்டியானால் நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் குளிர் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும் போது கறிவேப்பிலை இலை உதிர்த்து நிற்கும். 'ஐயோ, வாடுகிறதே' என்று சொம்பு சொம்பாக ஊற்றுகிறோம். வேர் உறங்கும் காலத்தில் ஊற்றிய தண்ணீர் அழுகலாகிறது. அழுகலுக்குப் பூஞ்சை, பூஞ்சைக்குப் பூச்சி.

ஜனவரியில் எம்பிரஸ் தோட்டத்து மலர்க் கண்காட்சிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. 1830ல் தொடங்கிய மேற்கு இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அது. எங்கே வாங்கிய செடியானாலும் இரண்டு வாரம் மற்றத் தொட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஏப்ரல், மே வெயிலை வீணாக்காதீர்கள். பழைய மண்ணை ஈரமாக்கிப் பரப்பி, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு வாரம் மொட்டை மாடியில் விட்டால் முட்டையும் புழுவும் வெந்து போகும். பிறகு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், மட்கிய எருவும், கொஞ்சம் மணலும் தென்னை நார்த் தூளும் கலந்து நிரப்புங்கள்.

ஏற்கெனவே குருணை மருந்து தூவிய தொட்டி இருந்தால், அந்தக் கறிவேப்பிலையைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். மண்ணோடு அதைக் கைவிட்டு, மழைக்கு முன் புதுக் கன்று வைப்பதே உசிதம். அது தழைக்கும் வரை மண்டயி கடிபத்தாவைக் கொண்டு சமாளியுங்கள்.