கைக்குள் அடங்கும் பொறியில் சுடும் ஆட்டம்

சிக்கந்தராபாத்திற்கு வடகிழக்கே அமைந்துள்ள சைனிக்புரி, பெயருக்கு ஏற்றவாறே, படையிலிருந்து ஓய்வு பெற்றோர் வீடு கட்டிக் குடியேறிய ஊர். அதனை அடுத்து, 1967-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மின்னணுக் கழகமும், அணு எரிபொருள் வளாகமும் உள்ளன. இராணுவ உத்தியோகத்தாலும் இந்நிறுவனங்களின் வேலையாலும் இப்பகுதிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் ஒன்றில் அண்மையில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாட்டனார் முப்பது ஆண்டுகள் துப்பாக்கி ஏந்தியவர். பேரனோ திரையில் மட்டுமே துப்பாக்கி பிடிப்பவன். “தாத்தா, கையில் பிடித்து ஆடும் கணிப்பொறி ஒன்று வாங்கித் தாருங்கள், அதிலேயே பழகிப் போட்டியில் சேர்ந்துவிடுவேன்” என்று அவன் கேட்கிறான். விலையோ எழுபதாயிரம் ரூபாயை ஒட்டியது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது சிறு தொகையன்று. “இதில் அந்த ஆட்டம் ஓடுமா?” என்று பெரியவர் நம்மைக் கேட்டார். ஓடுமா என்பது ஒரு கேள்வி. போட்டிக்கு ஆகுமா என்பது வேறொரு கேள்வி. கடைக்காரர்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கூறுகின்றனர்.

பேரன் விரும்பும் ஆட்டம் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’. 1999-இல் ‘ஹாஃப்-லைஃப்’ என்னும் ஆட்டத்தின் மாற்றுருவாக ஆர்வலர் சிலர் செய்த விளையாட்டின் வழிவந்தது இது. 2023 செப்டம்பரில் வெளியாயிற்று. ஐவர் ஒரு புறம், ஐவர் மறுபுறம் நின்று மோதுவர். தனியே ஆடும் கதை விளையாட்டில் படம் ஒரு கணம் தடைப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை. இங்கோ எதிரில் நிற்பவனும் ஒரு மனிதன். நம் திரை தடுமாறும் அந்தக் கணத்தில் அவன் சுட்டுவிடுகிறான்.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பது நேயர்கள் அறிந்ததே. விளையாட்டுப் பொறியிலும் அவ்வாறே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஆனால் அவை முன்னரே எடுத்து வைத்தவை அல்ல. ஆடுபவன் விரலை அசைத்த பின்னரே ஒவ்வொரு படமும் புதிதாகக் கணக்கிடப்பட்டு வரையப்படுகிறது. விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒன்றிற்கு 16.7 மில்லி விநாடி. 120 என்றால் 8.3 மில்லி விநாடி. படங்கள் மிகுந்தால் காட்சி வழவழப்பாக இருக்கும் என்று மட்டும் நினைப்பது பிழை. எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலைநீட்டும் செய்தி நமக்கு முன்னதாகவே வந்து சேர்கிறது என்பதே அதன் உண்மையான பயன்.

இனி, பொறியின் ஆற்றலுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் வெளிவந்த வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம் டெக்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கிடுவதும் படம் வரைவதுமாகிய இரு வேலைகளையும் செய்யும் அதன் சில்லு, மிகுந்தால் 15 வாட் மின்சாரம் கொள்ளும். மேசைக் கணிப்பொறியில் படம் வரையும் அட்டை ஒன்றே இதனைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் கொள்வதுண்டு. இவ்வளவு சிறிய தீனியில் அது எவ்வாறு ஈடுகொடுக்கிறது எனில், திரை சிறியது. அகலத்தில் 1280, உயரத்தில் 800 என ஏறத்தாழப் பத்து இலட்சம் புள்ளிகளை வரைந்தால் போதும். வழக்கமான பெரிய திரைக்கு 1920-க்கு 1080, அஃதாவது இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். வேலை பாதி, ஆகவே தாக்குப்பிடிக்கிறது. ஆயினும் முதலில் வந்த இப்பொறியின் திரை விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படும்; 2023 நவம்பரில் வந்த மறுபதிப்பில் அது 90 ஆயிற்று. ஏசுஸ் நிறுவனத்தின் ‘ராக் அல்லை’ 2023-இல் இந்தியாவிற்கு 69,990 ரூபாய் விலையில் வந்தது. அதன் திரை 120 முறை புதுப்பிக்கப்படும்; சில்லு 30 வாட் வரை கொள்ளும். ஆனால் அந்த 30 வாட் சுவரிலுள்ள மின்செருகியில் இணைத்தால் மட்டுமே. அதன் மின்கலமோ 40 வாட்-மணி கொண்டது. பொறி முழுவதும் 25 வாட் இழுக்குமாயின் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதைச் சிறுவனே கணக்கிட்டுவிடலாம்.

எத்தனை படம் என்பதைவிட, அவை ஒரே சீராக வருகின்றனவா என்பதே பெரிது. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’-இல் புகைக்குண்டு வெடித்தால் புகை அறை முழுவதும் பரவி, குண்டு பாயுமிடத்தில் விலகி வழிவிடும். பார்ப்பதற்கு அழகிய காட்சி; கணக்கிடுவதற்கோ பெருஞ்சுமை. பெரும்பாலான நேரம் விநாடிக்கு 60 படங்களைத் தொட்டு நிற்கும் சிறு பொறி, புகையும் நெருப்பும் ஆட்களும் ஓரிடத்தில் கூடும்போது சரிகிறது. வெற்றி தோல்வி தீர்மானமாவதும் அந்த நேரத்தில்தான். சராசரிக் கணக்கைக் காட்டி விற்பவர்கள் இதனைச் சொல்வதில்லை. ஆற்றைக் கடப்பவனுக்கு ஆற்றின் சராசரி ஆழத்தைச் சொல்லி என்ன பயன்?

வெப்பத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. 2022 ஜூலையில் ஐரோப்பாவில் கடும் வெயில் அடித்தபோது வால்வ் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. சுற்றுப்புறம் 0 முதல் 35 பாகை வரை இருந்தால் பொறி நன்கு இயங்கும். சில்லு 100 பாகையைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 105-இல் நின்றுவிடும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவிற்கு அது சில நாள் தொல்லை. ஐதராபாத்தின் மே மாதத்தில் 40 பாகை என்பது செய்தியே அன்று. ஒரு பிற்பகல், மின்தடை நேரத்தில், மாடி முற்றத்து நிழலில் அமர்ந்து இத்தகைய பொறி ஒன்றில் ஆடியதை நாம் உடனிருந்து கண்டோம். முதற் பத்து நிமிடங்கள் குறையில்லை. பிறகு விசிறியின் இரைச்சல் உயர்ந்தது. படங்கள் தயங்கத் தொடங்கின. ஆடியவன் தன் கையைக் குறை கூறினான். குறை கையிலன்று, காற்றில்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசையில் ஆடுபவன் சுட்டியை முன்கை முழுவதாலும் நகர்த்துகிறான். ஒரு முழ நீளத் துணி விரிப்பில் பெருந்திருப்பமும் நூலிழை நகர்வும் அவனுக்கு எளிதில் கூடுகின்றன. கைப்பொறியில் அவ்வளவையும் கட்டைவிரல் ஒன்று, விரற்கடை அளவே அசையும் ஒரு குமிழைக்கொண்டு செய்ய வேண்டும். சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் பெற்ற ககன் நாரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மெய்யான துப்பாக்கியில் கனம் அசையாமைக்குத் துணை. கைப்பொறியிலோ குறிபார்க்கும் கைகளே 669 கிராம் எடையுள்ள திரையையும் தாங்குகின்றன. விரல் துடித்தால் காட்சியும் துடிக்கிறது. சில ஆட்டங்கள் குமிழில் ஆடுவோர்க்குக் குறியைச் சற்றே இழுத்துக் கொடுத்து உதவுகின்றன. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ அந்தச் சலுகையை அளிப்பதில்லை. பொறியைச் சாய்த்துக் குறிபார்க்கும் முறை ஒன்று உண்டு. உள்ளே பதித்த சுழற்சி உணரி அசைவை அறிந்துகொள்கிறது. பழகியவர்களுக்கு அது குமிழைவிட நன்றாகவே அமைகிறது. எனினும் சுட்டிக்கு ஈடாகாது என்பது நம் கருத்து.

வெளியூரில் வாழும் நமக்கு மகிழ்ச்சி தருவதும் ஒன்றுண்டு. இவ்வாட்டம் நடைபெறும் களம் நம் வீட்டுப் பொறியில் இல்லை. தொலைவிலுள்ள தாய்ப்பொறியில் இருக்கிறது. வால்வ் நிறுவனம் இந்தியாவில் அத்தகைய பொறிகளை மும்பையிலும் சென்னையிலும் வைத்துள்ளது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஐதராபாத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 500 கிலோமீட்டர் அளவே ஆதலால், போய்வர 5 மில்லி விநாடி போதும். இழை நேர்கோட்டில் செல்வதில்லை, இடையே நிலையங்கள் பலவற்றில் நின்று செல்கிறது. ஆகையால் உண்மையில் அதனினும் மிகுதியாகும். எவ்வாறாயினும், சைனிக்புரிப் பேரனும் மதுரையிலுள்ள அவன் அத்தை மகனும் சென்னையில் சந்தித்து ஆடுகின்றனர் என்பதே உண்மை. கம்பியில்லா இணைப்பு சுவர்களுக்கிடையே தடுமாறுமாயின், பொறியில் ஒரு சிறு இணைப்பானைச் செருகிக் கம்பி வழியாகவே இணைக்கலாம். செலவு குறைவு, பயன் மிகுதி.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், வாயிற்காவலன் உள்ளே விட வேண்டுமே! போட்டி ஆட்டங்களில் திருட்டு வழியைத் தடுப்பதற்கென்றே காவல் நிரல்கள் உள்ளன. ‘வேலரன்ட்’ ஆட்டத்தின் ‘வேன்கார்ட்’ என்னும் காவல் நிரல் விண்டோஸின் அடித்தளத்தில் அமர்ந்து கண்காணிப்பது. ‘ஸ்டீம் டெக்’ பொறியோ லினக்ஸ் வழிவந்த அமைப்பில் இயங்குவது. ஆகவே அதன் சொந்த அமைப்பில் அவ்வாட்டம் ஓடாது. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ முன்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுவோர் அவ்வழியே நுழைகின்றனர் என்று கூறி, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பொறிகள் அனைத்தையும் அதன் உரிமையாளர் விலக்கிவிட்டனர். முந்தைய நாள் வரை ஆடியவர்கள் மறுநாள் வெளியே நின்றார்கள்; பொறியின் ஆற்றலில் ஒரு குறையும் இல்லை. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ வால்வின் சொந்த ஆட்டமாதலால் அங்கே தடையின்றி ஓடுகிறது. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் கூடும் ‘ஃபேஸ்இட்’ தளத்தின் காவல் நிரலுக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸில் இயங்கும் ‘அல்லை’க்கு இந்தத் தொல்லை இல்லை.

பெரியவரிடம் நாம் கூறியது இது: உறவுப் பிள்ளைகளோடு மாலையில் ஆட இப்பொறி போதும், நன்றாகவே போதும். போட்டிக்குப் பயில்வதாயின், மேசை, சுட்டி, விசைப்பலகை, விரைந்து புதுப்பிக்கும் திரை ஆகியவை வேண்டும். பெரும் போட்டிகள் அவற்றைக் கொண்டே நடைபெறுகின்றன. அதே எழுபதாயிரத்தில் ஓரளவு நல்ல மேசைக் கணிப்பொறியை அமைத்துவிடலாம். கைப்பொறியையே வெளித்திரையோடும் சுட்டியோடும் இணைத்து ஆடலாம் என்று பேரன் வாதாடினான். ஆடலாம்தான், கட்டைவிரலின் குறை அப்போது நீங்கும், 15 வாட்டின் குறை நீங்காது.

பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “மதுரைப் பையனிடம் என்ன பொறி இருக்கிறது?” என்று பேரனைக் கேட்டார். மேசைக் கணிப்பொறி என்றான் அவன். “அப்படியானால் கோடை விடுமுறைக்கு அங்கே போய் அதில் பத்து நாள் ஆடிவிட்டு வா, அதன் பிறகு எதை வாங்குவது என்று நீயே சொல்” என்றார். இரயில் பயணச்சீட்டு பதிவாகிவிட்டது.