மூடிய ஸ்டோரைக் கலைக்கூடம் ஆக்கலாமா?

பல தோட்டத்துக் கொழுந்தை ஒரே ஸ்டோரில் அரைக்கத் தொடங்கியதும் சில ஸ்டோர்கள் மூடப்பட்டன. கண்ணாடி உடைந்து, தகரம் கழன்று நிற்கும் இப்படியான கட்டிடங்கள் மலைநாட்டில் உண்டு. "பழைய இரும்புக்குப் போட்டா நாலு காசாவது கிடைக்கும்" என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. அவசரப்பட வேண்டாம் என்பதே நமது கருத்து.

ஸ்டோரின் அமைப்பைப் பாருங்கள். கொழுந்து வாட்டுவதற்காக மேல் மாடிகளைத் தடுப்புச் சுவர் இல்லாமல் நீளமாகக் கட்டினார்கள். காற்றுக்கு வரிசையாக ஜன்னல்கள் வைத்தார்கள். கீழ்த்தளம் ரோலரின் பாரத்தையே தாங்கியது. படம் மாட்டவும், கூத்துப் பழகவும், நூறு பேர் உட்கார்ந்து பார்க்கவும் தோட்டத்தில் இவ்வளவு பெரிய கூடம் வேறு ஏது?

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் பத்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் அதைத் திருத்தி, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தன. பழைய யந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் கதையையும் அங்கே காணலாம். கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகியது. இரண்டு கட்டிடங்களும் பிழைத்தன. நல்லதுதான். ஆனால் நம்ம கூத்துக்கும் பாட்டுக்கும் ஓர் இடம் இன்னும் வேண்டும்.

கேரளத்துக் கொச்சியில் அஸ்பின்வால் கம்பனியின் பழைய கட்டிடங்கள் இருக்கின்றன. மிளகும் கயிறும் தேயிலையும் வியாபாரமான இடம் அது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று, 2012 டிசம்பர் 12ஆம் திகதி அங்கே பெரிய கலைவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். மூட்டை அடுக்கிய இடத்துக்கு ஓவியமும் சிற்பமும் வந்தன.

நம்ம பக்கத்திலும் உதாரணம் உண்டு. கம்பளை ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் பழைய லயத்தையே தொழிலாளர் நூதனசாலை ஆக்கியது. நம்மவர் பாவித்த பொருட்களும் படங்களும் பத்திரங்களும் அங்கே இருக்கின்றன. லயத்தில் முடிந்தது ஸ்டோரில் முடியாதா?

செய்ய விரும்புவோர் முதலில் அனுமதி பெற வேண்டும். பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஆகவே தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது பாதுகாப்பு. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் உடைக்கவோ, அதன் தூசியைக் கூட்டவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். பலகை மாடியை பொறியியலாளர் பார்க்கும் வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

முழுக் கட்டிடத்தையும் ஒரே நாளில் திருத்த முடியாது. கீழ்த்தளத்தில் ஓர் அறை போதும். பிள்ளைகள் வரைந்த படம், தாத்தா அடித்த தப்பு, பாட்டி கட்டிய படங்கு, கவ்வாத்துக் கத்தி ஆகியவற்றைப் பெயர் எழுதி வையுங்கள். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் தெரிந்த பெரியவர்களைக் கூப்பிட்டு, வாரத்தில் ஒரு நாள் இளைஞருக்குப் பழக்கச் சொல்லுங்கள். கட்டிடம் இன்னும் பத்து வருடம் காத்திருக்கலாம். அந்தப் பெரியவர்கள் காத்திருக்க முடியாது.