பெட்டி நிறையவில்லையே என்று பதறாதீர்கள்!

லெம்பா பெர்த்தாமில் வீட்டுக் கொல்லையில் தேன் பெட்டி வைத்திருக்கிறீர்களா? ஆண்டிறுதி அடைமழை ஓய்ந்து வாரங்கள் ஆகியும் ஈக்கள் பெருகவில்லையே என்று கவலைப்படுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். குறை ராணி ஈயிடந்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

தேனீக் குஞ்சு வளர ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். மலைக் குளிரில் ஈக்கள்தாம் அடையின்மேல் நெருங்கி அமர்ந்து, தங்கள் உடம்புச் சூட்டால் குஞ்சுகளைக் காக்கின்றன. காக்கும் ஈக்கள் குறைவென்றால் வளரும் குஞ்சுகளும் குறைவே. முட்டை ஈயாக ஏறத்தாழ 20 நாள். அந்த ஈ கூட்டுக்குள் வேலை பார்த்துவிட்டுப் பூ தேடிப் புறப்பட மேலும் 2, 3 வாரம். ஆகவே, இன்று இட்ட முட்டையின் பலன் தெரிய ஒன்றரை மாதம் ஆகிவிடும்.

அதுவரை பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள், சூடு போய்விடும். தொல்லை மிகுந்தால் நாட்டுத் தேனீ கூட்டையே விட்டுப் போய்விடும். வாசலைக் கவனியுங்கள். காலில் மகரந்தம் சுமந்த ஈக்கள் உள்ளே போனால், பெரும்பாலும் குஞ்சு வளர்கிறது என்று அறியலாம். ஓயாமல் கொழுந்து பறிக்கும் தேயிலைச் செடியில் பூ அரிது. எனவே அடையிலுள்ள தேனைத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். இருப்பு குறைந்தால், சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து மாலையில் சிறிது வையுங்கள்.

தமிழ்நாட்டு மார்த்தாண்டத்திலும் தேனீ வளர்ப்போர், பூவில்லாத மாதங்களில் சீனிப்பாகு கொடுத்துக் கூட்டத்தைக் காக்கிறார்கள். ரப்பர் துளிர்த்துத் தேன் சுரக்கும்போது அந்தக் கூட்டம் தயாராக நிற்கிறது. பசித்த கூட்டத்திடம் தேன் கேட்கலாமா?