கடல் கடந்தவர்களும் கடக்காத சாதியும்

அயல்நாட்டுப் பயணம் பிற பண்பாடுகள், மதங்கள் குறித்த தப்பெண்ணங்களைக் களையும் என்பது பரவலான நம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தூத்துக்குடிக் கரையில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம். முத்துக்குளிப்பின் பொருட்டுப் பல நூற்றாண்டுகளாக அயலார் வந்து சென்ற கரை இது. கொழும்பு இங்கிருந்து ஓரிரவுக் கப்பல் பயணத் தொலைவுதான்.

1881 அக்டோபரில் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், இலங்கைப் பௌத்தர்கள் சிலருடன் கொழும்பிலிருந்து தூத்துக்குடி வந்து இறங்கினார். அங்கிருந்து திருநெல்வேலி சென்று, இரு மதங்களின் நட்புக்கு அடையாளமாகக் கோயில் வளாகத்தில் தென்னங்கன்று ஒன்றை நட்டனர். நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் கடல் கடந்து வந்த பௌத்தரை வரவேற்ற அந்த வாசல், அதே மாவட்டத்தின் தலித்துகளுக்கும் நாடார்களுக்கும் மூடியே கிடந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது 1939-இல். அயல் மதத்தவன் மீதான தப்பெண்ணம் ஒரே நாளில் விலகிற்று. அண்டைச் சேரியின் மீதான தீண்டாமையோ மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்துப் பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1898-இல் பண்டிதர் அயோத்திதாசரும் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியும் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, வித்யோதய பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றனர். ஊர் திரும்பியதும் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் பிறந்தது. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயல், ரங்கூன் என உழைக்கும் தமிழர் குடியேறிய இடங்களுக்குப் பரவின. தமிழ்நாட்டில் ஏடுகளில் மட்டும் எஞ்சியிருந்த பௌத்தத்தை, வாழும் சமயமாக, அதுவும் தம்மைச் சமமாக ஏற்ற சமயமாக அவர்கள் கண்டதே இப்பயணத்தின் பயன் என்று கருதுகிறோம்.

அதற்காக இலங்கையைச் சாதியற்ற நாடாக எண்ணிவிட வேண்டாம். சுமங்கலர் சார்ந்திருந்த சியாம் நிகாயம் கொவிகம சாதியினருக்கு மட்டுமே உபசம்பதை அளித்துவந்தது. அதில் இடம் மறுக்கப்பட்ட பிற சாதிப் பிக்குகள் கப்பலேறிப் பர்மாவின் அமரபுரத்துக்குச் சென்று துறவேற்று, 1803-இல் திரும்பி அமரபுர நிகாயத்தை நிறுவினர். அவர்களுக்கும் கடலே வழி திறந்தது.

தூத்துக்குடி வழியாகவும் மன்னார் வழியாகவும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரிலும் தலித்துகள் பெருந்தொகையினர். அவர்களை அழைத்துச் சென்ற பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். லயன் அறைகள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஊரின் சாதி ஒழுங்கு கடன் கணக்கோடு சேர்ந்து கப்பலேறிற்று. யாருடைய அழைப்பின் பேரில், என்ன நிலையில் ஒருவர் சென்று இறங்குகிறார் என்பதைப் பொறுத்தே பயணம் அவருக்கு எதையேனும் மாற்றுகிறது. கொழும்பில் அயோத்திதாசர் விருந்தினர். தேயிலைத் தோட்டத்தில் அவருடைய மக்கள் கடனாளிகள்.

இன்று நம் மாணவர்கள் செல்லும் வழி வேறு. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. விமானக் கட்டணத்தையும் அரசே தருகிறது. ஆனால் 2022-இல் வெளியான அதன் வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி கிடையாது என்றது. போகலாம், தம்மைப் போகவிடாமல் தடுத்திருந்த சாதியை அங்கே அமர்ந்து ஆராயத்தான் கூடாது!

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் சென்றார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரையின் பொருள் இந்தியாவில் சாதிகளின் தோற்றம். 2022-இன் விதியின்படி அந்த ஆய்வுக்கு உதவித்தொகை இல்லை.